ஊறி போட்ட தாழ்ப்பாள்

மரமும் புழுவும் கல்லுக்குள் கிடக்கிற தேரையும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், வேர் எங்கே விடும் என்று மரத்துக்கே தெரியாது. தண்டின் நடுவில் ஒரு கொத்து தொங்கும். இலைக்காம்பில் ஒன்று எட்டிப் பார்த்து வெயிலில் கருகிப் போகும். மண்ணுக்குள் போக வேண்டிய அடிப்பக்கம் மொட்டையாக நிற்கும். காற்று கொஞ்சம் ஓங்கி அடித்தால் மரம் படுத்துக்கொள்ளும். படுத்த மரம் எழுந்ததில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஊறிதான்.

ஊறி ஒவ்வொரு மரத்துக்குள்ளும் இருந்தாள். நுனிக் குருத்தில் பிறந்து, சாற்றோடு சாறாக ஓடுகிறவள். குருத்து சொல்லும் சேதியை அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவள் வேலை. ஆனால் அவளுக்கு ஓரிடத்தில் நிலை கொள்ளாது. மரத்தின் உடம்பு உள்ளே அறை அறையாக இருக்கும். அறைக்கு அறை கதவு. அந்தக் கதவெல்லாம் அப்போது இரண்டு பக்கமும் திறக்கும். அதனால் மேலே ஒரு ஓட்டம், கீழே ஒரு ஓட்டம், பாதி வழியில் ஏதாவது சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் ஒரு ஓட்டம். சொல்ல வந்ததை மறந்துவிட்டுத் திரும்பி ஓடுவாள்.

இத்தனைக்கும் அவளிடம் ஒரு சக்தி இருந்தது. ஊறி எந்த இடத்தில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் உட்காருகிறாளோ, அந்த இடத்தில் வேர் விடும். அவள்தான் உட்காரவே மாட்டாளே!

"செத்த நேரம் அடியில, தூர்ல உக்காரு சாமி," என்று மரம் கெஞ்சும்.

"அங்க இருட்டா இருக்குது. ஒரே எடத்துல இருந்தா எனக்கு மூச்சு முட்டுது," என்று சொல்லும்போதே பாதித் தூரம் போயிருப்பாள்.

இது இப்படி இருக்க, காங்கயத்துக்குத் தெற்கே, மழை பேருக்கு வந்துவிட்டுப் போகிற பூமியில், மாராயி என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் செங்கோடன். அவர்களுக்கு ஒரு கொறங்காடு இருந்தது. உழவு கிடையாது, விதைப்பு கிடையாது, ஆடு மேய்வதற்கென்றே புல்லை விட்டுவைக்கிற காட்டுக்குத்தான் கொறங்காடு என்று பெயர். சுற்றிலும் முள்ளுக் கிளுவை வேலி. உள்ளே போக வர ஒரே ஒரு கடவு. கடவுக்கு ஒரு பக்கம், பாறை இடுக்கில் சிக்கி விழாமல் நிற்கிற பெரிய வெள்வேல மரம், மறுபக்கம் ஒரு கட்டை. இரண்டுக்கும் நடுவே முள்ளால் பின்னிய படல் வைத்துக் கட்டினால் காடு அடைத்த மாதிரி.

அந்தக் கட்டைதான் தொல்லை. எந்தக் கட்டை நட்டாலும் கரையான் தின்றுவிடும். போன வருஷம் அப்படித் தின்றுபோன கட்டை சாய்ந்து, படல் விழுந்து, ஓநாய் இரண்டு உள்ளே வந்தன. நாயைக் கொன்று, ஏழு குட்டியைக் கொண்டுபோயின. இந்த வருஷம் ஒன்பது ஆடு குட்டி போட்டுப் பதினோரு குட்டி நின்றது.

"இதுகளும் போச்சுன்னா நாம ஊரான் ஆட்டுக்குத்தான் கோல் புடிக்கோணும் மாமா," என்றாள் மாராயி. "கட்டை வேண்டாமுங். உசுருள்ள கிளையாப் பாத்து, போத்து வெட்டிட்டு வந்து நடுங்க. உசுரு இருக்கற மரத்தக் கரையான் தொடாது."

அது உண்மைதான். அந்தக் காலத்தில் கரையானுக்கு ஒரு சட்டம் உண்டு. செத்ததை மட்டும்தான் தின்ன வேண்டும். அதற்காக உயிரோடு இருப்பதன் பக்கத்தில் போய்க் காத்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் இல்லை.

செங்கோடன் நல்ல மனுஷன். ஆனால் காலில் சுடுதண்ணீர் ஊற்றின மாதிரியே திரிகிறவன். சாப்பிடும்போது அவன் செருப்பைக் கழற்றமாட்டான். அன்றைக்குச் சந்தைக்கும் போக வேண்டும். வடக்கு மூலையில் இருந்த தாய்க் கிளுவையில் கைப்பருமன் உள்ள ஒரு கிளையை இரண்டு வெட்டில் இறக்கினான். தோளில் குத்துமே என்று முள்ளையெல்லாம் சீவினான். நுனியையும் நறுக்கினான். ஆடி மாசம், இலை ஒன்று கூட இல்லை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு மொட்டைக் கட்டை, அவ்வளவுதான்.

அந்தச் சமயம் பார்த்து அந்தக் கிளைக்குள் ஊறி ஓடி வந்திருந்தாள். திரும்பிப் போகலாம் என்று அடிக்குப் போனால், வழி வெட்டவெளியில் முடிந்திருந்தது.

கடவில் குழி தயாராக இருந்தது. செங்கோடன் தோளிலிருந்து போத்தை இறக்கின வாக்கில் குழிக்குள் விட்டான். மண்ணைத் தள்ளி மிதித்தான்.

"ஏனுங் மாமா, தல எது தூர் எதுன்னு பாத்து நட்டீங்களா?"

"கட்டைக்கு என்ன புள்ள தலையும் தூரும்? உனக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான தெரியுது?"

"எனக்குத் தெரியுது, தெரியல. அதுக்குத் தெரியுமில்லீங்?"

"அது வந்து எங்கிட்டச் சொல்லட்டும். நான் கேட்டுக்கறேன்." சொல்லிக்கொண்டே அவன், இரண்டு வேலிக்கு நடுவே போகிற இட்டேரியில் பாதி தூரம் போய்விட்டான்.

அது சொல்லத்தான் சொன்னது. கத்தியது. ஆனால் போத்தின் தலை மண்ணுக்குள் புதைந்திருந்தது. தூர் வானத்தைப் பார்த்து நின்றது. மண்ணுக்குள் கத்தின கத்தல் மாராயிக்குக் கேட்கவில்லை. ஆடிக் காற்று வேறு, கேட்கவும் விடாது. போத்தின் மேல்முனையில் வெட்டுக்காயம் வெயிலில் விரிந்து கிடந்ததைத்தான் அவள் பார்த்தாள். மாட்டுக்குக் கொம்பு ஒடிந்தால் அப்புகிற மாதிரி, ஈரச் சாணியை உருட்டிக் காயத்தின்மேல் அப்பிவிட்டாள். தினமும் பொழுது சாய, படலைக் கட்டும்போது, கையில் இருக்கிற தண்ணீரில் கொஞ்சம் அதன்மேல் தெளிப்பாள்.

மண்ணுக்குள் கத்தினது கேட்க வேண்டியவர்களுக்குக் கேட்டது. அன்று சாயங்காலமே கரையான் கூட்டம் வந்துவிட்டது. அதில் மூத்தவன் போத்தின் பட்டையைத் தட்டினான்.

"உள்ள யாரு? உசுரா, கட்டையா?"

"உசுரு! உசுரு!" என்றது போத்து.

"சரி. நாளைக்கு வாறோம்."

"எதுக்கு வாறீங்க?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு. நீங்க உங்க வேலையப் பாருங்க."

ஊறி மேலே ஓடினாள், கீழே ஓடினாள். தாய் மரத்தில் ஓடுவதற்கு ஆயிரம் கிளை இருந்தது. இங்கே நாலு எட்டு வைத்தால் ஒரு முனை, திரும்பி நாலு எட்டு வைத்தால் இன்னொரு முனை.

"ஊறி," என்றது போத்து. "தாய்கிட்ட இருந்து கொண்டாந்த ஈரம் என் உடம்புல கொஞ்சந்தான் இருக்குது. அது தீரறதுக்குள்ள வேர் விட்டாகோணும். உன்னால மட்டுந்தான் ஆகும். போய் உக்காரு."

"எங்க உக்காரட்டும்? மண்ணுக்குள்ள இருக்கற முனையிலதான? இப்பவே போறேன்."

"அங்க வேண்டாம். அது என் தல. கண்ணெல்லாம் அங்கதான் இருக்குது. அங்க வேர் விட்டா இலை எங்க விடறது? தாய்கிட்ட நான் குடிச்சது மேல இருக்கற இந்தப் பக்கத்தால. இதுதான் என் தொப்புள். இனிமேல் மண்ணுகிட்டக் குடிச்சாலும் இந்தப் பக்கத்தாலதான் குடிக்க முடியும்."

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? உன்ற தொப்புள் வானத்தப் பாத்துட்டு நிக்குது. அங்க வேர் விட்டு வெயிலையா குடிப்பே?"

போத்து, "தெரியல. ஆனா வேர் விட வேண்டிய எடம் அதுதான். அது மட்டும் எனக்குத் தெரியும். மிச்சத்த யாராச்சும் பாப்பாங்க," என்றது.

ஊறி போனாள். மேல்முனைக்குப் போய், சாணிக்கு அடியில் உட்கார்ந்தாள். ஒரு நாள் ஆயிற்று. இருட்டு. புழுக்கம். இரண்டாம் நாள் பட்டைக்கடியில் என்னமோ குறுகுறுவென்று கட்டி கட்டினது. சின்னதாக, மிளகு மாதிரி. அதைப் பார்க்க அவளுக்கே ஆச்சரியமாகத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழே சத்தம். டொக், டொக்.

"உசுரா, கட்டையா?"

ஒரே பாய்ச்சலில் கீழே வந்துவிட்டாள். "என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல," என்றது போத்து. "ஏன் எந்திரிச்சு வந்தே?"

மேலே திரும்பிப் போய்ப் பார்த்தால் மிளகு வாடிப் போயிருந்தது.

மறுபடி உட்கார்ந்தாள். இந்தத் தடவை ஒன்றரை நாள். காற்று ஊளையிட்டது, ஓநாய் என்று நினைத்து எழுந்து ஓடினாள். மூன்றாம் தடவை ஒரு சத்தமும் இல்லை. ஏன் சத்தமே இல்லை என்று பயந்து ஓடினாள்.

இதற்குள் பத்து நாள் போய்விட்டது. போத்தின் பட்டையில் சுருக்கம் விழுந்தது. கிளுவைக்குப் பச்சையாக இருக்க வேண்டிய உள்தோல் மஞ்சளடித்தது. கரையான் மூத்தவன் இப்போது தட்டுவதோடு நிற்கவில்லை, நாக்கால் தொட்டும் பார்த்தான். புதைந்திருந்த தலையில் ஐந்து கண் இருந்தன, இலை விடுகிற கண். அதில் நாலு ஏற்கெனவே காய்ந்துவிட்டன. காய்ந்தது செத்தது. செத்தது அவனுடையது. நாலையும் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"அஞ்சாவது எப்ப?" என்று மரியாதையாகவே கேட்டான்.

ஊறி கீழே வந்து பார்த்துவிட்டு அழுதாள்.

"என்னால உக்கார முடியலியே. மனசு வெச்சுத்தான் போறேன். கதவு தொறந்திருக்குது, சத்தம் கேக்குது, காலு தானா எந்திரிச்சுருது. நான் என்ன பண்ணட்டும்?"

"கதவு தொறந்திருக்கறதுதான் உனக்குப் பிரச்சனையா?" என்றது போத்து. மெல்லத்தான் சொன்னது. அதற்குமேல் சொல்லத் தெம்பில்லை.

ஊறி அப்படியே நின்றாள். ஓடித் திரிந்த அத்தனை வருஷத்தில் அவள் கதவைப் பற்றி யோசித்ததே இல்லை.

"மூடிட்டா... பொறவு உங்கிட்ட எப்படி வருவேன்?"

"வர முடியாது."

"நீ செத்தயா பொழச்சயான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்றது போத்து. "அதுக்காகத்தான் நீ இத்தன நாளா ஓடி ஓடி வந்தே. வந்து பாத்து என்ன ஆச்சு?"

அன்றைக்குத்தான் ஊறி அந்தக் காரியத்தைச் செய்தாள். தலையிலிருந்து தூருக்குக் கிளம்பினாள். முதல் அறையைத் தாண்டினாள். தாண்டின கையோடு திரும்பி, கதவை இழுத்துச் சாத்தி, தூர்ப்பக்கம் இருந்து தாழ்ப்பாள் போட்டாள். தலைப்பக்கமிருந்து தள்ளினால் திறக்கும். தூரிலிருந்து தலைக்குத் திரும்ப நினைத்தால் திறக்காது. அப்படி ஒரு தாழ்ப்பாள். அடுத்த அறை. அதற்கும். அடுத்தது. பாதி வழியில் கீழே டொக் டொக் என்று கேட்டது. அவள் உடம்பெல்லாம் ஓடத் துடித்தது. திரும்பிப் போய்க் கதவைப் பிடித்து ஆட்டினாள். நன்றாகத்தான் போட்டிருந்தாள். திறக்கவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொண்டு மேலே நடந்தாள். கடைசி அறைக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டுச் சாணிக்கு அடியில் போய் உட்கார்ந்தாள்.

மூன்றாம் நாள் வேர் விட்டது.

வெளியே தெரியாது. சாணியின் உள்ஈரத்தில் வெள்ளையாக, அரிசி முனை மாதிரி நாலைந்து. ஊறிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போக வேறு இடமும் இல்லை, ஒவ்வொரு வேரின் நுனிக்கும் போய்ப் போய்க் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட வேர் நின்றுவிட்டது. வளரவில்லை. பயந்துபோய் இன்னும் இறுக்கிக் கட்டினாள். சுத்தமாக நின்றுவிட்டது.

அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. தண்டில் அவள் போனால் அது நிமிர்ந்து வளரும். வேர் அப்படியில்லை. அது பிறக்க அவள் நிறைய வேண்டும், பிறந்தபின் கொஞ்சம்தான் வேண்டும். நுனியில் அவள் கூடினால் அதற்கு மூச்சு முட்டும். மூச்சு முட்டுவது என்றால் என்னவென்று அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? சற்றே விலகி உட்கார்ந்தாள். வேர் ஓர் இழை நீண்டது.

ஆனால் எவ்வளவு நீண்டு என்ன? சாணிக்கு அப்பால் காற்றும் வெயிலும்தான். கீழே ஒரே ஒரு கண் மிச்சம். ஈரம் இன்னும் இரண்டு நாளைக்கு வந்தால் அதிகம்.

ஆடி இருபதாம் தேதி பொழுது சாய, மாராயி படலைக் கட்ட வந்தாள். தண்ணீர் தெளிக்கக் கையைத் தூக்கியவள் நின்றாள். காய்ந்த சாணியில் வெடிப்பு விட்டிருந்தது. வெடிப்புக்குள் என்னமோ வெள்ளையாக நெளிந்தது. புழு என்று நினைத்துச் சாணியை விரலால் பெயர்த்தாள்.

"மாமோய்! இங்க ஓடியாங்க!"

செங்கோடன் ஓடித்தான் வந்தான். அவனுக்கு வேறு மாதிரி வரத் தெரியாது.

"என்ன, ஓநாயா?"

"ஓநாயில்லீங். உங்க கட்டை தலையில வேர் விட்டிருக்குது."

"தலையில எவனாச்சும் வேர் விடுவானா?"

"அதத்தானுங் நானும் கேக்கறேன். தலையா அது?" என்றவள் பட்டையின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து கீழே தடவினாள். சீவின முள்ளின் அடிக்கட்டைகள் வழுக்கிக்கொண்டு போயின. கீழிருந்து மேலே தடவினாள். சுருக்கென்று கையில் ஏறியது. "முள்ளு எப்பவும் மானத்தப் பாத்துத்தான இருக்கும். இது மண்ணப் பாக்குது. கட்டைக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்னு சொன்னது யாருங்?"

செங்கோடன் தலையைச் சொறிந்தான். "எவனோ அவசரத்துல சொல்லியிருப்பான்."

"அவன் பேரு செங்கோடனுங்."

குழியைச் சுற்றிக் கடப்பாரையால் நெம்பிப் போத்தைப் பிடுங்கினார்கள். தலை மண்ணை விட்டு வெளியே வந்ததோ இல்லையோ, முதல் பேச்சு வந்தது. கம்மின குரல்தான், ஆனாலும் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"மெதுவா... மெதுவா புடிங்க பண்ணாடி. வேர் ஒடிஞ்சுரும். இருவது நாளாக் கத்தறேன்."

செங்கோடன் போத்தைக் கீழே போடாமல் இருந்தது பெரிய காரியம். வாழ்நாளில் முதல்தடவையாக அவன் ஒரு வேலையை மெதுவாகச் செய்தான். தூர்ப்பக்கத்து வேர் ஒன்றுகூட ஒடியாமல் குழிக்குள் இறக்கினான். மாராயி மண்ணைக் கையால் அள்ளித் தூவினாள். கரையான் கடித்த தலையைப் பார்த்தாள். ஐந்தாவது கண் மட்டும் கடுகளவு பச்சையாக இருந்தது. அதில் படாமல் வெட்டுவாயின்மேல் புதுச் சாணியை உருட்டி வைத்தாள்.

உள்ளே ஊறிக்கு உலகமே புரண்டது. மேலே இருந்தவள் கீழே வந்துவிட்டாள். அவளோடு வேர்களும் வந்தன, ஆனால் அவை சாணிக்குள் வளைந்த வாக்கில் வளைந்திருந்தன, நுனியெல்லாம் இப்போது வானத்தைப் பார்த்தன. வேர் தன்போக்கில் வளர்ந்தால் மண்ணைப் பிளந்துகொண்டு வெளியே போய்விடும். போனால் வெயில்.

"எந்தப் பக்கம் போறது?" என்று வேர்கள் கேட்டன. அவை குழந்தைகள். அவற்றுக்கு எதுவும் தெரியாது.

இத்தனை நாள் மேலும் கீழும் ஓடித் திரிந்தவள், இப்போது ஒவ்வொரு வேரின் அடிவயிற்றுப் பக்கமாகச் சரிந்து இறங்கினாள். கீழ்ப்பக்கத்தை மட்டும் தொட்டு, "நீ பொறு கண்ணு, நீ பொறு," என்றாள். அவள் கூடின பக்கம் பொறுத்தது. மேல்பக்கம் பொறுக்காமல் நீண்டது. ஒரு பக்கம் நின்று ஒரு பக்கம் நீண்டால் வளையத்தானே செய்யும்? வேர் வளைந்தது. வளைந்து வளைந்து, மண்ணுக்குள் மூக்கை நுழைத்தது. ஈரம் தட்டுப்பட்டது. குடித்தது.

அதற்குப் பிறகும் அவள் சும்மா இருக்கவில்லை. தலையில் மிஞ்சின அந்த ஒரு கண், புதுசு புதுசாக ஊறியை ஊறவைத்து அனுப்பிக்கொண்டே இருந்தது. வருகிறவள் எல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு கீழே வந்தாள், எவளும் திரும்பவில்லை. கல் குறுக்கே வந்தால் வேர் வளைந்து போகும், அந்த வளைவில் ஊறி கொஞ்சம் தங்குவாள், தங்கின இடத்தில் பக்க வேர் ஒன்று உடைத்துக்கொண்டு கிளம்பும். ஓடிக்கொண்டேதான் இருந்தாள். ஆனால் இப்போது அந்த ஓட்டத்துக்கு ஒரு திசை இருந்தது.

கரையான் மூத்தவன் மட்டும் தினம் வந்தான். "உசுரா, கட்டையா?"

"நக்கிப் பாரேன்," என்றது போத்து ஒரு நாள்.

நக்கினான். கிளுவைப் பால் கசந்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு, "நான் ரெண்டு வீடு தள்ளிப் பாத்துக்கறேன்," என்று போனான்.

ஆவணி பாதியில், ஒரு மத்தியானம், வானம் கருகருவென்று இறங்கியது. செங்கோடன் சந்தையில் இருந்தான். மாராயி குட்டிகளைக் காட்டுக்குள் ஒதுக்கிப் படலைக் கட்டிவிட்டு நிமிர்வதற்குள் காற்று வந்துவிட்டது. அப்படியொரு காற்றை அவள் பார்த்ததில்லை. மூலையில் நின்ற தாய்க் கிளுவை, அத்தனை பெரிய மரம், அடியில் வேர் இல்லாததால் பாய் மாதிரி சுருண்டு, முள்ளோடு வேலிமேலேயே படுத்தது. மழை சாட்டையடியாக விழுந்தது. அந்த மழை இருட்டில், படலுக்கு அந்தப் பக்கம், நாலு மஞ்சள் கண்.

மாராயியிடம் ஒரு கோல்தான் இருந்தது. குட்டிகள் அவள் சேலைக்குள் புகுந்துகொண்டன.

"போங்க! அக்கட்டப் போங்க!" என்று கத்தினாள். காற்று அவள் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போயிற்று.

ஓநாய்களுக்கு இந்தக் கடவு தெரியும். போன வருஷம் வந்த வழிதானே. பெரியது பின்னால் போய், ஓடி வந்து, போத்தில் கட்டிய பக்கமாகப் படலை மோதியது. போத்து வில்லாக வளைந்தது. மாராயி கண்ணை மூடிக்கொண்டாள். மண்ணுக்குள் எங்கோ, இழுபட்ட வேர் ஒவ்வொன்றிலும், "பொறு கண்ணு, பொறு," என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்கள். போத்து நிமிர்ந்தது. நிமிர்ந்த வேகத்தில் படல் முள்ளோடு திரும்பி ஓநாயின் மூக்கில் அறைந்தது.

மறுபடி மோதியது. மறுபடி வளைந்து, மறுபடி நிமிர்ந்தது. மூன்றாம் தடவைக்கு மூக்கு இடம் கொடுக்கவில்லை. இரண்டும் மழைக்குள் நடந்து போயின.

செங்கோடன் நனைந்து நடுங்கி ஓடி வந்தபோது, மாராயி பதினோரு குட்டியையும் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருக்குதா?"

"இருக்குதுங்."

அவன் போய்ப் போத்தைப் பிடித்து ஆட்டினான். ஆடவில்லை. "அட," என்றான். அங்கேயே, சேற்றில், அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அவன் உட்கார்ந்து மாராயி பார்த்ததே அபூர்வம்.

நாலாம் நாள் வேரிலிருந்து ஒரு சேதி மேலே போனது. ஊறி அல்ல, அவளால்தான் முடியாதே. வேர் தானாகப் பெற்ற பிள்ளை ஒன்று, தண்ணீர் ஏறுகிற வேறொரு வழியாக ஏறிப் போய், சாணிக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஒற்றைக் கண்ணிடம், "கீழ எல்லாம் புடிச்சாச்சு. நீ முழிச்சுக்கலாம்," என்றது. கண் திறந்தது. மூன்று சிற்றிலை. போத்து சந்தோஷத்தில் என்னென்னமோ பேசியது. ஊறியைக் கூப்பிட்டும் பார்த்தது. பதில் வரவில்லை. ஆனால் அதற்குத் தெரியும், அவள் அடியில்தான் இருக்கிறாள். அவள் இல்லாமலா இப்படி நிமிர்ந்து நிற்கிறது?

மாராயி அந்த வருஷமே வேலி முழுக்கப் புதுப் போத்து நட்டாள். இனிமேல் செங்கோடனை நம்பி ஆகாது என்று, வெட்டும்போதே தூரைச் சாய்வாகச் சீவச் சொன்னாள், தலையை நேராக நறுக்கச் சொன்னாள். நட்டு முடித்ததும் தலைக்குத் தலை ஒரு சாணி உருண்டை. புதுப் போத்துகளுக்குள் இருந்த ஊறிகளெல்லாம் கடவுப் போத்திடம் கதை கேட்டுவிட்டு, ஆளாளுக்குத் தங்கள் கதவுகளைச் சாத்திக்கொண்டு இறங்கினார்கள். வேலியிலிருந்து காட்டுக்கு, காட்டிலிருந்து நாட்டுக்கு என்று அந்த வழக்கம் மரம் மரமாகப் பரவிவிட்டது.

அவள் போட்ட தாழ்ப்பாளை இன்றுவரை எந்த மரமும் திறக்கவில்லை. இன்றும் யாராவது அவசரக்காரர் ஒரு போத்தைத் தலைகீழாக நட்டுவிட்டுச் சந்தைக்குப் போனால், ஊறி வழி மாறமாட்டாள், வானத்தைப் பார்த்து நிற்கிற தூருக்கே போய் உட்கார்ந்து யாராவது திருப்பி நடுவார்கள் என்று காத்திருப்பாள். அந்த ஆடி தொட்டுத்தான், எப்படிப் புரட்டி நட்டாலும், தாயைவிட்டு வெட்டுப்பட்ட இடத்தில்தான் போத்து வேர் விடுகிறது.